சுகன்யாவின் டி.சி. வேண்டி

மதிப்பிற்குரிய பேராசிரியர் ஆக்ஸிலியா அம்மா அவர்களுக்கு, கொடைக்கானல் மேல்மலையிலிருந்து பூண்டு விவசாயி வேல்ராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் பிள்ளைகளும் கோவை வெயிலில் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நாங்கள் நலமாக இல்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான் என்று எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

உங்களிடம் நிதி மேலாண்மை இரண்டாம் ஆண்டு படிக்கும் சுகன்யா என் மகள். விடுமுறையில் ஒரு குடும்பத் தொழிலை ஆராய்ந்து புராஜெக்ட் செய்து வரும்படி சொல்லி அனுப்பினீர்களாம். வந்த அன்றைக்கே நோட்டும் கையுமாக என் எதிரில் உட்கார்ந்து, "அப்பா, உங்க சம்பளம் எவ்வளவு?" என்றாள். விவசாயிக்கு ஏதும்மா சம்பளம் என்றேன். அப்படியானால் நான் ஊதியமில்லாத தொழிலாளி என்று எழுதிக்கொண்டாள். என் மனைவி ராஜகுமாரி அதைப் படித்துவிட்டு மூன்று நாள் சிரித்தாள். அடுத்தது எங்கள் குதிரை. மேல் வயலிலிருந்து மூட்டை இறக்கும் குதிரை அது. வருஷத்துக்குப் பத்து சதவீதம் அது தேய்கிறதாம், பத்து வருஷம் ஆகிவிட்டதால் இப்போது அதன் மதிப்பு பூஜ்யமாம். அந்தப் பூஜ்யம் தினமும் இரண்டு படி கொள்ளு தின்கிறதே அம்மா, அதற்குப் பாடத்தில் வழி இருக்கிறதா? சரி, படிக்கிற பிள்ளை, எழுதிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். என் கெட்ட நேரம்.

எங்கள் வீட்டில் அடுப்புக்கு மேலே பரணில் விதைப் பூண்டு கட்டுக் கட்டாகத் தொங்கும். புகை பட்டால்தான் நடவு வரைக்கும் கெடாமல் இருக்கும். அதை அண்ணாந்து பார்த்தவள், "இம்புட்டுப் பணத்தையும் தூங்கப் போட்டிருக்கீங்களேப்பா" என்றாள். "அது பணமில்லம்மா, வெதை" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு நல்லசாமியின் பேரனுக்கு மொட்டை போட அவர்களோடு பழனிக்குப் போனேன். இரண்டே நாள். திரும்பி வந்தால் பரண் காலி! சந்தையில் விலை உச்சத்தில் இருந்ததாம், அத்தனையையும் ஜீப்பில் ஏற்றி விற்றுவிட்டாளாம். "நடவுக்கு என்னம்மா செய்றது?" என்றேன். "வெல எறங்குனதும் இங்கனயே வாங்கிக்கலாம்ப்பா, மிச்சமெல்லாம் லாபம்" என்றாள். அவள் அம்மாவும் கூட நின்று தலையாட்டினாள்.

அம்மா, எங்கள் ஊரில் விதைப் பூண்டை யாரும் காசுக்குக் கொடுப்பதில்லை. நடவுக்கு ஒரு கட்டு வாங்கினால் அறுப்பில் ஒன்றேகால் கட்டாகத் திருப்பிக் கொடுப்போம், அவ்வளவுதான். விதைக்குக் காசு வாங்கினால் விளைச்சல் போய்விடும் என்று பயம். ரூபாய்க் கட்டோடு இவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள், ஒருவரும் கதவை முழுசாகத் திறக்கவில்லை. அதற்குள் மழையும் விழுந்துவிட்டது. உழுது போட்ட வயல் அப்படியே கெடக்கு. கொடுக்கிற அளவுக்கு விதை வைத்திருப்பது ஊரிலேயே என் அக்கா சின்னத்தாயி ஒருத்திதான். அவளும் நானும் வாய்க்கால் தகராறில் பேச்சை நிறுத்தி ஆறு வருஷம் ஆச்சு. வயல் தரிசாகப் போனாலும் அவள் வாசலில் போய் நிற்க மாட்டேன்.

ஆகவே சுகன்யா படித்தது போதும் என்று முடிவு செய்திருக்கிறேன். நேற்றிலிருந்து சாப்பிடாமல் அழுகிறாள், பார்க்க எனக்கும் நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் இன்னும் ஒரு வருஷம் படித்தால் எங்களையும் சேர்த்து விற்றுவிடுவாள். தயவுசெய்து டி.சி.யைத் தபாலில் அனுப்பவும். தங்கள் மாதாவும் எங்கள் பழனியாண்டவரும் சேர்ந்து தங்களுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்து,
வேல்ராஜ்

பி.கு.: உறையை ஒட்டுமுன் இதைச் சேர்க்கிறேன். இன்று வெள்ளனே சுகன்யா யாரிடமும் சொல்லாமல் அவள் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள். ரூபாயைக் காட்டாமல், செய்த தப்பைச் சொல்லி, விதையைக் கடனாகக் கேட்டாளாம். சற்று முன் அக்காவே வந்து எழுபது கட்டு விதையை எங்கள் வாசலில் இறக்கினாள். ஒன்றேகாலாகத் தந்துவிடுகிறேன் என்றேன். "ஏலே வேலு, காலும் வேணாம் அரையும் வேணாம். புள்ள படிப்ப நிறுத்துனேன்னு என் காதுல விழுந்துச்சு, அம்புட்டையும் திரும்பத் தூக்கிட்டுப் போயிருவேன்" என்றாள். ஆறு வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. அழுதுவிட்டேன் அம்மா, மறைத்து என்ன. டி.சி. அனுப்ப வேண்டாம். பூண்டு விற்ற பணத்தை அடுத்த வருஷக் கட்டணமாகக் கட்டிவிடுகிறேன். அக்கா இன்னும் அடுப்படியில்தான் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறாள். வாய்க்கால் பேச்சை அவள் எடுப்பதற்குள் பாதி வயலாவது நட்டாக வேண்டும், ஆகையால் இத்துடன் முடிக்கிறேன்.