ஆல்பியின் பெட்டியும் ஒரு மூக்கின் ராஜினாமாவும்

வாலரூ,
அக்டோபர் 12

யார்க் தீபகற்பப் பழைய ராணுவ வானொலிச் சங்கத்தின் ‘அலைவரிசை’ இதழாசிரியர் திரு. வார்விக் நான்கிவெல் அவர்களின் மேலான பார்வைக்கு,

டெஸ்மண்ட் டிரெம்பாத் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் அக்காள் கிளெனிஸும் எங்கள் நாயும், என் மூக்கு ஒன்று நீங்கலாக, நலமாயிருக்கிறோம். தங்கள் முழங்கால் தேறிவருவதாகவும் தங்கள் மனைவியாரின் எலுமிச்சை மரம் மறுபடி துளிர்த்திருப்பதாகவும் கேள்விப்பட்டு மகிழ்ந்தோம். இது அச்சில் வரவேண்டிய கடிதம். ஆகவே உறவுமுறை எதையும் உள்ளே கொண்டுவராமல், ஆசிரியருக்கு வாசகன் எழுதுகிற மரியாதையோடு எழுதி முடிப்பதென்று பேனாவைத் திறக்கும் முன்பே உறுதி எடுத்துக்கொண்டேன்.

பத்தொன்பது வருடமாகத் தங்கள் இதழில் ‘இது என்ன பெட்டி?’ என்ற பகுதியை எழுதிவரும் நான், இந்த இதழோடு அந்தப் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன். காரணம் சொல்லாமல் விலகினால் உடம்புக்கு ஏதோ என்று நினைத்து ஆளாளுக்குச் சூப்பு கொண்டுவந்து விடுவார்கள் என்பதால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகஸ்ட் மாதம் கடினா கால்பந்துச் சங்க அறையில் நடந்த கூட்டத்துக்கு வராதவர்களுக்காகச் சொல்கிறேன். மூண்டா பேயிலிருந்து நோரின் ஹாக்கிங் என்ற அம்மாள் ஒரு பெட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு ஆள் முதுகில் கட்டிச் சுமக்கிற அளவு வானொலி. அவருடைய அப்பா ஆல்பி, இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடலின் பூகன்வில் தீவில் செய்தித் தொடர்புப் பிரிவில் இருந்தவர். மலைமுகட்டில் மூன்று நாள் மழையில் மாட்டிக்கொண்ட பதினோரு பேருக்கு இந்தப் பெட்டி வழியாகத்தான் உதவி கேட்டாராம். போர் முடிந்ததும் இதைப் பிரிய முடியாமல், அக்கக்காகக் கழற்றி நான்கு சிநேகிதர்களின் பைகளில் ஒளித்து ஊருக்குக் கொண்டுவந்தாராம். இதைச் சொல்லிச் சொல்லியே மகளை வளர்த்திருக்கிறார். இப்போது நோரினின் தம்பி மகன், தாத்தா அளந்துவிட்ட கதை என்று ஏதோ சொல்லப்போக, நோரின் ரோஷப்பட்டு எங்கள் சங்கத்தைத் தேடி வந்துவிட்டார். “நிபுணர் ஒருத்தர் இருக்காராமே, அவர் பார்த்துச் சொல்லட்டும்” என்றார். அந்த நிபுணர் அடியேன்.

பெட்டியைப் பார்த்தால் வெளியே முழுக்கக் கோழிக்கூண்டுக்கு வாங்கி மிஞ்சிய பச்சைப் பெயின்ட். எண் பொறித்த தகட்டைக் காணோம். முத்திரை ஏதும் இருந்தால் பெயின்டுக்கு அடியில் இருக்க வேண்டும், சுரண்டலாமென்றால் அது அப்பா கையால் அடித்த பெயின்ட் என்று நோரின் விடவில்லை. நாற்பது வருடம் விறகடுப்புக்கு மேல் பலகையில் இருந்ததில் உள்ளேயும் ஒரே கரி. நிறம், எழுத்து, திருகாணி எதுவும் வாய் திறக்காத இடத்தில் எனக்கு மிச்சமிருந்தது மூக்குதான். தீவுகளுக்குப் போகிற பெட்டிகளுக்குப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க உள்ளே ஒரு வார்னிஷ் பூசுவார்கள், பாதி மருந்துக்கடை பாதி காய்ந்த மெழுகு என்று ஒரு வாடை, எத்தனை வருடமானாலும் போகாது. அது இருந்தால் பெட்டி தீவுக்கென்று தயாரானது, இல்லையென்றால் ஊரிலேயே கிடந்தது. நம் சங்கத்தில் அந்த வாடையை மூடியைத் திறந்த மாத்திரத்தில் சொல்கிறவன் நான் ஒருவன்தான் என்பது ஊரறிந்தது. நானே போதுமான தடவை சொல்லியிருக்கிறேன்.

வழக்கப்படி தேநீர்க் கொதிகலனை அணைக்கச் சொன்னேன், கண்ணை மூடினேன், மூன்று முறை முகர்ந்தேன். நாற்பது பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். “மன்னிக்கணும்மா. இது கடல் தாண்டலை. போருக்கப்புறம் அடிலெய்ட்ல மிச்சச் சாமான் விக்கிற கடையில வாங்கினதா இருக்கும்” என்றேன்.

“அப்போ எங்கப்பா பொய் சொன்னாருங்கிறீங்களா?”

“நான் பெட்டியைப் பத்தித்தாம்மா சொல்றேன்.”

நோரின் துண்டை மறுபடி சுற்றி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி போய்விட்டார். கூட்டத்துக்கு அவர் கொண்டுவந்த தேங்காய்த்தூள் கேக்குத் தட்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அதில் நான்கைத் தின்றவன் நான்தான் என்பதை இப்போது சொல்லிவிடுவது நல்லது.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை கிளெனிஸ் இறைச்சி அடைத்த பேஸ்டிகளை அடுப்பில் வைத்துவிட்டு, பார்த்துக்கொள்ளச் சொல்லி, பக்கத்து வீட்டுக்குப் போனாள். நான் அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து 1943-ஆம் வருடத்து வால்வு அட்டவணை படித்துக்கொண்டிருந்தேன். அவள் வாசலிலேயே, “டெஸ்! வீடு எரியுதா?” என்று கத்திக்கொண்டு ஓடி வந்தபோதுதான் நிமிர்ந்து பார்க்கிறேன், சமையலறை முழுக்கப் புகை, ஆறு பேஸ்டியும் கரிக்கட்டை, எனக்கு ஒரு வாடையும் இல்லை. படிப்பில் மூழ்கிவிட்டேன் என்று சமாளித்தேன். அவள் போனதும் வினிகரை முகர்ந்தேன், வெங்காயத்தை முகர்ந்தேன், காரில் பெட்ரோல் மூடியைத் திறந்து முகர்ந்தேன், எல்லாம் தண்ணீர் மாதிரி. கடைசியில் நாய் கடற்கரையில் செத்த மீன்மேல் புரண்டுவிட்டு வந்திருக்கிறது, நான் அதை அன்போடு சோபாவில் ஏற்றி மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருக்கிறேன். “உனக்கு என்ன ஆச்சு மனுஷா?” என்றாள் கிளெனிஸ். சோபா இன்னும் வெளியே வெயிலில்தான் கிடக்கிறது.

ஷெட், கட்டிலடி, துவைக்கிற அறை என்று நான் வைத்திருக்கிற இருபத்துமூன்று பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தேன் மச்சான், ஒன்றும் இல்லை. எதைத் திறந்தாலும் வெறும் தகரம். ஆசிரியர் மன்னிக்கவும், மச்சான் என்று வந்துவிட்டது, அச்சில் எடுத்துவிடவும். ஜூன் மாதம் மூன்று வாரம் சளியில் படுத்தேனே, அப்போதே போயிருக்கிறது. போனது தெரியாமல் ஆகஸ்டில் நாற்பது பேர் நடுவில் நின்று, இல்லாத மூக்கால் ஒரு செத்த மனிதரைப் பொய்யராக்கியிருக்கிறேன். அன்றைக்கு அந்த ஷெட்டில் உட்கார்ந்து அழுதேன். எழுபத்துநாலு வயதில் மூக்குக்காக ஒருவன் அழுவானா என்று கேட்காதே, மூக்குக்காக அழவில்லை.

டாக்டரிடம் போனேன். “திரும்பி வரலாம், வராமலும் போகலாம்” என்றார். அப்படிச் சொல்ல எனக்கே தெரியும், அதற்குப் படிப்பு வேண்டியதில்லை. தினமும் எலுமிச்சையும் கிராம்பும் முகர்ந்து பழகச் சொன்னார். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை என்பது உனக்கே தெரியும். மூன்றாம் நாள் இழுத்த இழுப்பில் கிராம்பு இடது மூக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டது. உன் அக்காள் புருவம் பிடுங்குகிற இடுக்கியோடு என் மார்மேல் முழங்காலை ஊன்றிக்கொண்டு, “மூக்குக்குள்ள கிராம்பு எப்படி வந்துச்சுன்னு சொல்லு, அப்பத்தான் எடுப்பேன்” என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். கிராம்பை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“அப்போ நோரினோட பெட்டி?”

“தெரியலை, கிளெனிஸ். அதான் தெரியலை.”

“அவ அதுக்கப்புறம் எங்க பாட்டுக் குழுவுக்கே வரலை, தெரியுமா? எழுந்திரு, தட்டைத் திருப்பிக் கொடுக்கணும்.”

தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்களை யாரும் வாசலில் நிறுத்த முடியாது என்பதால் கிளெனிஸ் அதில் புதிதாகச் சுட்ட பிஸ்கட்டை அடுக்கிக்கொண்டாள். மூண்டா பே போகிற வழியெல்லாம் நான் மன்னிப்பு ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். நோரின் கதவைத் திறந்தார், தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே வரச் சொன்னார். கூடத்துச் சுவரில் ஒரு ஆணி மட்டும் இருந்தது. ஆல்பியின் பட்டாளத்துப் படத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டிருந்தார். பெட்டி துணி துவைக்கிற அறையில், இஸ்திரி மேஜைக்கு அடியில் கிடந்தது.

நான் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், “அன்னிக்கு எனக்கு மூக்கு இல்லைம்மா” என்று ஆரம்பித்துவிட்டேன். நோரின் என் முகத்தை, குறிப்பாக நடுவில், உற்றுப் பார்த்தார்.

“இருக்கே?”

“இருக்கு, வேலை செய்யலை. உங்க அப்பாவைப் பத்தி நான் சொன்னது தப்பு. தப்பான்னும் தெரியலை. தெரியாம சொன்னேன், அது தப்பு.”

“இப்ப யாரு சொல்றது?” என்றார். குரலில் கோபம்கூட இல்லை வார்விக், அதுதான் தாங்க முடியவில்லை. “எனக்கு எழுபத்தஞ்சு ஆச்சு. எங்கப்பா சொன்னது நிஜமான்னு இனிமே நான் யாருகிட்ட போய்க் கேக்கட்டும்?”

கிளெனிஸ் கைப்பையை என்னிடம் நீட்டிவிட்டு, முழங்காலில் உட்கார்ந்து, பெட்டியை இழுத்து, மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டாள். கண்ணை மூடவில்லை, யாரையும் எதையும் அணைக்கச் சொல்லவில்லை. ஒரே இழுப்பு.

“ஐயய்யோ! இதே நாத்தம்தான்! நாப்பத்தாறு வருஷமா என் திரைச்சீலையில, என் படுக்கை விரிப்புல, என் கல்யாணக் கோட்டுல இருக்கிற அதே நாத்தம்! நோரின், இந்த மனுஷன் கட்டில் அடியில வெச்சிருக்கிற பெட்டியில பாதிக்கு இந்த வாடை கிடையாது. எங்க வீட்டுத் துவைக்கிற ரூம்ல வெச்சிருக்கானே தீவுல இருந்து வந்தது, அதுக்குத்தான் உண்டு. எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் வந்து சொல்றேன், இது கடல் தாண்டினதுதான்.”

எனக்கு உலகமே புரண்டுவிட்டது. நாற்பத்தாறு வருடமாக ‘இந்தக் குப்பை’ என்று திட்டிக்கொண்டே இவள் எது தீவுப் பெட்டி, எது ஊர்ப்பெட்டி என்று கட்டிலுக்கு அடியில் எல்லாம் தரம் பிரித்து வைத்திருக்கிறாள், நான் ஒரு தடவைகூட இவளைக் கேட்டதில்லை. நோரின் அப்படியே துவைக்கிற இயந்திரத்தின்மேல் சாய்ந்துகொண்டு சிரித்தார், ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு உள்ளே போய்ப் படத்தை எடுத்துவந்து மாட்டிவிட்டு, எங்களுக்குத் தேநீர் போட்டார். பெட்டி கூடத்து மேஜைக்கு வந்தது. அந்தப் பதினோரு பேரின் பெயரையும் நோரின் மனப்பாடமாகச் சொன்னார். எனக்கு பிஸ்கட்டின் ருசியும் தெரியவில்லை, ஆனால் அவ்வளவு நல்ல பிஸ்கட்டை நான் தின்றதில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களே, ஆகஸ்ட் மாதம் நான் சொன்ன தீர்ப்பை முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன். ஆல்பியின் பெட்டி பூகன்வில் போய் வந்த பெட்டி. இதைச் சொல்வது சங்கத்திலேயே அனுபவம் மிகுந்த மூக்கு. ‘இது என்ன பெட்டி?’ பகுதியை இனிமேல் திருமதி கிளெனிஸ் டிரெம்பாத்திடம் ஒப்படைக்குமாறும், என் பெயரை அவருக்குக் கீழே உதவியாளர், பெட்டி தூக்குபவர் என்று போடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பு. முழங்காலுக்கு எங்கள் விசாரிப்பு. எலுமிச்சை காய்க்கும்போது நாலு அனுப்பினால் முகர்ந்து பழக உதவும்.

இப்படிக்கு,
மூக்கு நீங்கலாகத் தங்கள்,
டெஸ்மண்ட் டிரெம்பாத்

பின்குறிப்பு: இது அச்சுக்கு அல்ல. மச்சான், உறைக்குள் போடும் முன்னால் உன் அக்காளிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “டெஸ், ஒண்ணு சொல்லணும். அங்க எனக்கு ஒரு வாடையும் வரலை. தரை துடைக்கிற மருந்து வாடைதான் வந்துச்சு” என்கிறாள். எனக்கு வந்ததே கோபம். ஐம்பது வருடத்தில் ஒரு பெட்டியைப் பற்றித் தெரிந்தே ஒரு பொய் சொன்னதில்லை என்று கத்தினேன். அவள் பட்டாணி உரித்துக்கொண்டே சொல்கிறாள்: “நீ மூக்கில்லாம ஒண்ணு சொன்னே. நான் மூக்கோட ஒண்ணு சொன்னேன். ரெண்டுல எதுக்கு அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனா?”

ஒரு மணி நேரமாகக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பெட்டி எங்கே போனது, எங்கே இருந்தது, எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. ஆல்பிக்கு மட்டும்தான் தெரியும், அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். மேலே எழுதியதை ஒரு சொல் குறையாமல் போட்டுவிடு. ‘இது என்ன பெட்டி?’ பகுதியை மட்டும் நிஜமாகவே உன் அக்காளிடம் கொடுத்துவிடாதே, வருகிற பெட்டியெல்லாம் கடல் தாண்டிவிடும். தாமதம் செய்யாதே, நோரின் பன்னிரண்டு பிரதி கேட்டிருக்கிறார். ஒன்று தம்பி மகனுக்கு, மற்ற பதினொன்றும் அந்தப் பதினோரு பேரின் பிள்ளைகளுக்காம். தேடிப் பிடித்து அனுப்பப் போகிறாராம்.