முகம் பார்க்கும் தரை

எலுமிச்சைச் சாறு சிந்தி ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. மாப்பிள்ளை துணியோடு ஓடிவந்து துடைத்துவிட்டு, மண்டியிட்டுப் பார்த்தார். சாறு போய்விட்டது. கூடவே உள்ளங்கை அகலத்துக்குத் தரையின் பளபளப்பும் போயிருந்தது.

வேறு யார் வீடாக இருந்தாலும் இவ்வளவு பயம் வராது. இது மாமனார் வீட்டு ஹால். அந்த வெள்ளை மார்பிளில் முகம் பார்த்துத்தான் அவர் தினமும் தலை வாருவார். "என் பொண்ணைக் கொடுத்ததுகூடப் பெருசில்ல மாப்பிள்ளை. இந்தத் தரையில உங்களை நடக்க விட்டிருக்கேன் பாருங்க!" என்று கல்யாணமான புதிதிலேயே சொன்னவர். வேலை மாற்றலாகி இங்கே குடிவந்த நாளிலிருந்து அவரிடம் நல்ல பேர் வாங்க மாப்பிள்ளை படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. பெற்றோரோடு வெளியூர் போயிருந்த மனைவி.

"என்னங்க, தரை பத்திரமா இருக்கான்னு அப்பா கேக்கச் சொன்னார்."

"ஜோரா இருக்கு. நான் சாப்பிட்டேனான்னு கேக்கலையா?"

"அதெல்லாம் கேக்கல. நாளைக்கு சாயங்காலம் வந்துடுவோம். அப்புறம், மூலையில இருக்கிற அம்மா நாற்காலியை நகர்த்தக் கூடாதாம்."

"அதை யார் தொடப் போறா?"

காற்றே வராத மூலை அது. தடித்த விரிப்பின் மேல் நாற்காலியைப் போட்டு மாமியார் எப்போதும் அங்கேதான் உட்காருவார். ஃபேனுக்குக் கீழே வரச்சொன்னால், முந்தானையால் விசிறிக்கொண்டே, "எனக்கு இதுதான் சௌகரியம்" என்பார். பிடிவாதக்காரி என்று மாமனார் பேர் வைத்திருந்தார்.

வினிகர் கண்ணாடியைப் பளிச்சென்று ஆக்குவது மாப்பிள்ளைக்கு நினைவு வந்தது. ஊற்றினார். உள்ளங்கை அகல மங்கல், சாப்பாட்டுத் தட்டு அகலமாயிற்று. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் தேய்த்தார். பூனை பிறாண்டியதுபோல் கோடு விழுந்தது. சரி, எண்ணெய் தடவினால் மினுங்குமே என்று தடவினார். மினுங்கத்தான் செய்தது. தள்ளி நின்று ரசிக்கலாமென்று காலைப் பின்னால் வைத்தவர், அதே எண்ணெயில் வழுக்கி வினிகர் பாட்டிலையும் இழுத்துக்கொண்டு விழுந்தார். பாட்டில் போன வழியெல்லாம் கொட்டிக்கொண்டே ஹாலின் மறுகோடிவரை உருண்டது.

மறுநாள் விடிந்ததும் தரை மெருகுக்காரர் மெஷினோடு வந்தார்.

"என்ன சார், ஹால் முழுக்க நத்தை ஊர்ந்துச்சா?"

"பழையபடி ஆக்க முடியுமா?"

"ஆக்கலாம். கண்ணாடி மாதிரி வர நாலஞ்சு நாள் தேய்க்கணும். இன்னைக்கே முடியணும்னா பாதி மெருகோட நிறுத்திடலாம். தரை மொத்தமும் ஒரே சீரா, பளபளப்பு இல்லாம, மழமழன்னு இருக்கும். வழுக்காது. ஆனா முகம் தெரியாது."

"முகம் தெரியாதா!"

"இப்ப உங்க முகம் இருக்கிற இருப்புக்கு, தெரியாம இருக்கிறதே நல்லது சார்."

வேறு வழியில்லை. மெஷின் தண்ணீரில் சுழன்று, பால்போல் சேறு கக்கியது. மாமனாரிடம் என்ன சொல்வதென்று மாப்பிள்ளை வாசலில் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். கழுவித் துடைத்து முடித்த மெருகுக்காரர், "அந்த நாற்காலி மூலையிலதான் சார் ரொம்ப மெனக்கெட வேண்டியதாப் போச்சு" என்றது அவர் காதில் ஏறவே இல்லை. விரிப்பும் நாற்காலியும் இருந்த இடத்துக்கே வந்துவிட்டனவா என்று மட்டும் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் மாமனார் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். குனிந்து தன் முகத்தைத் தேடினார். கிடைக்கவில்லை.

"மாப்பிள்ளை, என் தரை எங்க?"

"இதுதான் மாமா. வழுக்காது. வயசானவங்க நடமாடுற வீடு..."

"யாருக்கு வயசாச்சு?"

மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். மாமனார் முகம் சிவந்தது. இனி பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று மாப்பிள்ளை முடிவே செய்துவிட்டார்.

மாமியார் இதில் எதையும் கண்டுகொள்ளவில்லை. நேராக மூலைக்குப் போனார். நாற்காலியைத் தள்ளி, விரிப்பைத் தூக்கி, அடியில் தரையைத் தடவிப் பார்த்தார். பிறகு நாற்காலியைக் கரகரவென்று இழுத்துவந்து ஃபேனுக்கு நேர்கீழே போட்டு, காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார்.

"அப்பாடா! தெரியாம ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறைக் கொட்டிட்டு, இத்தனை வருஷமா இந்த மனுஷனுக்குப் பயந்து அந்த மூலையிலயே வெந்துட்டிருந்தேன். மாப்பிள்ளை, ஃபேனை இன்னும் கொஞ்சம் வேகமா வைங்க!"