தும்யாத்தில் குறை ஏதும் இல்லை

கம்ப்யூட்டரில் நாற்பத்தேழாவது குறையை அடித்து முடித்து இன்ஷிராஹ் விரல்களைச் சொடுக்கெடுத்த அந்த நொடியில்தான், எட்டிப் பார்க்க வந்த தச்சு மேஸ்திரி உஸ்தா பயூமியின் முழங்கை சிவப்புப் பொத்தான் மேல் பட்டது. திரை ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டு வெறுமையானது. நாற்பத்தேழும் போயிற்று.

"நான் சும்மா பார்க்கத்தான் வந்தேன் டாக்டரம்மா," என்றார் பயூமி.

"எல்லாரும் சும்மாதான் பார்க்க வர்றீங்க உஸ்தா. அந்தப் பொத்தான்தான் சும்மா இருக்க மாட்டேங்குது."

தொழுகை முடிந்து தெருவில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. இன்னும் அரை மணியில் கெய்ரோவிலிருந்து தும்யாத்துக்கு யாகூத் கம்பெனியின் இன்ஜினியர் வந்துவிடுவார். யாகூத் என்றால் அரபியில் மாணிக்கம். அந்தக் கம்ப்யூட்டருக்கு அப்படிப் பெயர் வரக் காரணமே இந்தப் பொத்தான்தான். உடம்பெல்லாம் சாம்பல் நிறம், அதன் நடுவே, விரல் அடிக்கடி போகிற இடமாகப் பார்த்து, மோதிரக் கல்லைப் போல ஒரு சிவப்பு. தொட்டால் போதும், இயந்திரம் அதுவரை கேட்ட எல்லாவற்றையும் மறந்து, புதிதாகப் பிறந்த பிள்ளையைப் போல விழிக்கும். காஸெட்டில் பதிந்து வைக்கலாம்தான். பதிய இருபது நிமிஷம் பிடிக்கும். அதற்குள் யாருடைய முழங்கையாவது வந்து சேர்ந்துவிடும்.

இன்ஷிராஹ் மருந்துக்கடை வைத்திருப்பவள், அதனாலேயே ஊருக்கு டாக்டரம்மா. அந்தப் பேட்டையில் யார் யாருக்கு என்ன வியாதி, யார் எந்த மாத்திரையை எந்த வேளைக்கு விழுங்க வேண்டும் என்று முந்நூற்றுப் பன்னிரண்டு பேருடைய விவரம் அவள் யாகூத்தில் இருந்தது. நாலு தடவை அழிந்து, நாலு தடவையும் திரும்ப ஏற்றியாகிவிட்டது. போன வாரம் ஐந்தாவது தடவை அழிந்த மறுநாள், ரத்தக் கொதிப்புக்காரி உம்மு ஷஃபீக்கின் உறைக்குள் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக் கொடுத்துவிட்டாள். தெருமுனை வரை ஓடிப்போய்ப் பிடுங்கி வந்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு உறையையும் இரண்டு தடவை பிரித்துப் பார்த்துத்தான் கொடுக்கிறாள். இந்த இன்ஜினியரிடம் சொல்லி அந்தப் பொத்தானை ஒழித்துக் கட்டாவிட்டால் யாகூத்தை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு, பழையபடி நோட்டுப் புத்தகத்தோடு மாரடிப்பது என்று முடிவு செய்திருந்தாள்.

அவரை வரவழைக்க அவள் ஏழு கடிதம் எழுதியிருந்தாள். ஒவ்வொன்றும் மூன்று பக்கம். முதல் இரண்டு பக்கம் கம்பெனிக்கும் முதலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் நலம் விசாரிப்பு. மூன்றாம் பக்கம் யாகூத்தின் புகழ். கடைசி வரியில் மட்டும், 'ஒரு சின்ன விஷயம் உண்டு, தாங்கள் எங்களூரைக் கௌரவப்படுத்தும்போது நேரில் சொல்கிறோம்.' குறையைக் காகிதத்தில் எழுதி ஒருவர் வீட்டுக்கு அனுப்புவது மரியாதை இல்லையே.

ஊரில் யாகூத் வைத்திருந்தவர்கள் நாலே பேர். வெள்ளிக்கிழமைதோறும் மருந்துக்கடை மாடியின் பின்னறையில் கூடி அதைத் திட்டுவார்கள். பயூமிக்கு நாற்காலி, கட்டில் செய்கிற பட்டறை. பலகை அளவையெல்லாம் அதில்தான் போடுவார். ரம்ஸீ பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். யாகூத் எழுத்தை வலமிருந்து ஒழுங்காகத்தான் காட்டும், எண்ணை மட்டும் சில நாள் திருப்பிப் போட்டுவிடும். பத்தொன்பது வாங்கிய மடையன் தொண்ணூற்றொன்று வாங்கி வகுப்பில் முதலாவதாக வந்திருக்கிறான். ஹஜ் போய்வந்த ஹாஜ்ஜா ஃபிக்ரிய்யா மிட்டாய்க்கடைக்காரி. தப்பாக ஒரு எழுத்தைத் தட்டினால் யாகூத் ஊதுமே ஒரு ஊதல், அதைக் குறைக்கவே முடியாது. அவள் கடை வரிசையில் நிற்பவர்கள் எண்ணிக்கொண்டே நிற்பார்கள்: "இன்னிக்கு ஏழாவதும்மா ஹாஜ்ஜா."

"பட்டியல் போனா போகட்டும்," என்றாள் இன்ஷிராஹ். "ஆளுக்கு ஒண்ணு வாயாலயே சொல்லிடுங்க. உஸ்தா பொத்தானைச் சொல்லுங்க. வாத்தியார் எண்ணு. ஹாஜ்ஜா ஊதல். டீ கொடுக்கிறதுக்குள்ள சொல்லி முடிச்சிடணும்."

"வெறும் டீயா?" என்றாள் ஃபிக்ரிய்யா.

கெய்ரோக்காரர்கள் தும்யாத்துக்காரர்களைப் பற்றி ஒரு கேலி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால், 'சாப்பிட்டுட்டுத் தூங்குறீங்களா, இல்ல வயிறு லேசா இருக்கட்டும்னு அப்படியே தூங்குறீங்களா' என்று கேட்கிற ஊராம் இது. அந்தக் கேலி தும்யாத்துக்காரர்கள் ஒவ்வொருவர் நெஞ்சிலும் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. அதனால் என்ன நடந்தது என்றால், யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மூன்று பேரும் ஆளுக்கொரு வாத்து கொண்டுவந்திருந்தார்கள். மூன்றும் வெங்காயம் அடைத்தவை. மூன்றும் முழுசு.

இன்ஜினியர் ஷவ்கி வந்தார். ஒல்லியான ஆள், கசங்கிய கோட்டு, சட்டைக் கையில் ஒரு பித்தான் மட்டும் வேறு நூலில் தைத்திருந்தது. வாசலில் ஒரு மூடின வேன் நின்றது. டிரைவர் கர்னியையும் மேலே கூப்பிட்டார்கள். அவன் வண்டியை விட்டு அங்குலம் நகர மாட்டேன் என்றான். அவனுக்கு ஒரு தட்டு கீழே போயிற்று.

ஷவ்கி உட்காருமுன்பே நோட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றிவிட்டார். "குறை ஏதாவது இருந்தா தயங்காம சொல்லுங்க. அதுக்காகத்தான் வந்திருக்கேன்."

இன்ஷிராஹ் பயூமியைப் பார்த்தாள். பயூமி வாயைத் திறந்தார். அதற்குள் ஃபிக்ரிய்யா குறுக்கே வந்து, வந்த மனுஷனை வெறும் வயிற்றோடு உட்கார வைத்துக் குறை சொல்வதற்கு இது என்ன கோர்ட்டா என்று கேட்டு, நோட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, முதல் வாத்தைப் பிய்த்து அவர் முன்னால் வைத்தாள்.

அங்கேதான் காரியம் கெட்டது. சாப்பிடுகிறவரிடம் குறை சொல்லக் கூடாது. சாப்பிட்டு முடித்தவரிடம் சொல்லவே முடியாது. உங்கள் கையால் ஒருவர் உண்டுவிட்டால் அவர் மனம் நோகாமல் அனுப்புவது உங்கள் பொறுப்பு. கையைக் கழுவிக்கொண்டு வந்து ஷவ்கி மறுபடி பேனாவை எடுத்தபோது, காலையில் அந்த இயந்திரத்தைத் தொட்டித் தண்ணீரில் அமுக்க வேண்டும் என்று சொன்ன பயூமி முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார்.

"யாகூத் எப்படி இருக்கு உஸ்தா?"

"அதுக்கென்ன ஸார். பட்டறைக்கே அது ஒரு வெளிச்சம்."

ஷவ்கியின் முகம் ஏனோ வாடிற்று. தூரப் பயணம், களைப்பாக இருக்கும் என்று இன்ஷிராஹ் நினைத்தாள். அவள் ரம்ஸீயின் காலை மேஜைக்கடியில் மிதித்தாள். வாத்தியார் நேர்மைக்காரர், பள்ளி ஆய்வாளரிடமே சண்டை போட்டவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த எண்ணு இருக்கே ஸார், அது சில சமயம்…" என்று ஆரம்பித்தார்.

ஷவ்கி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "சில சமயம்? சொல்லுங்க."

ரம்ஸீ அவரை நிமிர்ந்து பார்த்தார். அவர் மீசையில் வாத்து வெங்காயம் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. தன் வீட்டு அடுப்பில் வெந்த வெங்காயம். வாத்தியார் அப்படியே இளகிவிட்டார்.

"சில சமயம் திரும்பி வரும் ஸார். பிள்ளைங்க ரெண்டு பக்கமிருந்தும் படிக்கப் பழகிக்கிறாங்க. நல்ல பயிற்சி."

நேருக்கு நேர் சொல்லத்தான் இவர்களுக்கு நா எழவில்லை, எழுதச் சொன்னால் எழுதுவார்கள் என்று இன்ஷிராஹுக்குத் தோன்றியது. இருமல் மருந்துப் பெட்டி ஒன்றைக் காலி செய்து, ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, பெயர் போட வேண்டாம் என்று சொல்லி, திரும்பி நின்றுகொண்டாள். பென்சில்கள் கீச்சுக் கீச்சென்று ஓடின. நீளமாகவே ஓடின. அவளுக்கு நம்பிக்கை வந்தது.

ஷவ்கி முதல் சீட்டைப் பிரித்தார். 'உங்கள் கைக்கு ஒரு வலியும் வராதிருக்கட்டும்.' இரண்டாவது, 'உங்கள் பெண்பிள்ளைகளுக்கு உங்களைப் போலவே குணமுள்ள மாப்பிள்ளைகள் அமையட்டும்.' மூன்றாவதைப் பிரித்ததும் அவர் குரல் உயர்ந்தது. "இதுல குறைன்னே போட்டிருக்கு." அவசரமாக மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். 'குறை: விருந்தாளி இரண்டாவது வாத்தைத் தொடவே இல்லை.'

ஃபிக்ரிய்யா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

சரி, மனிதர்கள் சொல்லாததை இயந்திரமே சொல்லட்டும். இன்ஷிராஹ் எல்லாரையும் யாகூத்தின் முன்னால் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தாள். போகிற வழியில் பயூமியை நடையில் நிறுத்தி, வேறொன்றும் வேண்டாம், தினம் எப்படி முழங்கையை வைப்பாரோ அப்படி வைத்தால் போதும் என்று கெஞ்சினாள். பயூமி தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு வந்து, இரண்டு கையையும் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு ஓரமாக உட்கார்ந்தார். பிறந்ததிலிருந்து அந்த மனிதர் அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்ததில்லை.

அவள் நாற்பது பேர் பெயரை ஏற்றினாள். யாகூத் ஒரு தடவைகூட ஊதவில்லை. எண்கள் எல்லாம் நேராக நின்றன. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்த பெண்ணைப் போல அப்படி ஓர் அடக்கம். கடைசியில் இன்ஷிராஹ் கண்ணை மூடிக்கொண்டு தன் முழங்கையையே பொத்தான் மேல் போட்டாள்.

திரை வெறுமையானது.

ஷவ்கி துள்ளி எழுந்தார். அவர் கண் இரண்டும் பளபளத்தன. "அது ஏன் அப்படி ஆச்சு? யாராவது சொல்லுங்களேன்."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். இந்தப் பேட்டையின் கரண்டே இப்படித்தான், மானத்தை வாங்கும் என்றார் பயூமி. கரண்டு இல்லை, தன் கால்தான் வயரில் இடறியது என்றார் ரம்ஸீ, அறையின் மறுகோடியில் நின்றுகொண்டு. ஃபிக்ரிய்யாவோ, தான் தும்மப் போனதாகவும் அந்த அதிர்ச்சியில் இயந்திரம் பயந்துவிட்டதாகவும் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

ஷவ்கி மெல்ல இன்ஷிராஹ் பக்கம் திரும்பினார். குரல் கிட்டத்தட்டக் கெஞ்சலாக வந்தது. "டாக்டரம்மா. ஏழு கடுதாசி போட்டீங்களே. அந்தச் சின்ன விஷயம் என்ன?"

இன்ஷிராஹுக்கு உம்மு ஷஃபீக் தெருமுனையில் திரும்பிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் இல்லை. சொல்லியே தீருவது. அவள் நிமிர்ந்து நின்றாள்.

"அந்தச் சிவப்புப் பொத்தான் இருக்கே ஸார்."

"இருக்கு." ஷவ்கியின் பேனா காகிதத்தைத் தொட்டுவிட்டது.

அவள் கண் அந்தப் பேனாவுக்குப் போய், அங்கிருந்து சட்டைக் கைக்குப் போயிற்று. வேறு நூலில் தைத்த பித்தான். அவராகவே தைத்துக்கொண்டிருப்பார். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வீட்டையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு நாலு மணி நேரம் வந்திருக்கிறார். அவள் வாய் பேசிற்று. அவள் அதைத் தடுக்க முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதோட நிறம் ரொம்ப அழகு ஸார். இதை நேர்ல சொல்லணும்னுதான் காத்திருந்தேன்."

ஷவ்கி பேனாவை மூடினார். பிறகு திரும்பத் திறந்து, நோட்டில் ஒரே ஒரு வரி எழுதினார். அவள் தலைகீழாகவே அதைப் படித்துவிட்டாள். 'தும்யாத்: குறை ஏதும் இல்லை.'

அவர் படியிறங்கும்போது மூன்று கூடையும் கூடவே இறங்கின. தொடாத வாத்து ஒன்றில், பாகு சொட்டும் மஷப்பக் மிட்டாய் ஒன்றில், வெள்ளைப் பாலாடைக்கட்டி டின் ஒன்றில். கூடைகளைக் கொடுத்தனுப்பிவிட்டு நாலு பேரும் பின்னறைக்குத் திரும்பி வந்து, எவ்வளவு நல்ல மனிதர் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, யாரும் யாருடைய முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் சொல்லத்தான் இருந்தேன்," என்றார் பயூமி.

"தெரியும் உஸ்தா," என்றாள் இன்ஷிராஹ். யாகூத்தின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். அலமாரியிலிருந்து தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் உம்மு ஷஃபீக்கின் பெயரை எழுதினாள். இன்னும் முந்நூற்றுப் பதினோரு பேர்.

படியில் காலடி கேட்டது. டிரைவர் கர்னி மூன்று கூடைகளையும் கையிலும் தோளிலுமாகச் சுமந்துகொண்டு மூச்சிரைக்க வந்து நின்றான்.

"கோவிச்சுக்காதீங்க டாக்டரம்மா. இதுக்கு வண்டியில இடமே இல்ல."

"என்னப்பா, அவ்வளவு பெரிய வேன்ல மூணு கூடைக்கா இடமில்லை?" என்றாள் ஃபிக்ரிய்யா. "அப்படி என்னத்தை ஏத்தி வச்சிருக்கே?"

கர்னி கூடைகளை இறக்கி வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"பூராவும் புது யாகூத் ஹாஜ்ஜா, அந்தச் சிவப்புப் பொத்தானை எடுத்துட்டுச் செஞ்சது, நாம ஞாபகப்படுத்தாம யார் தானா வாயத் திறந்து அதைக் குறை சொல்றாங்களோ, அவங்க ஊர்ல எல்லாருக்கும் சும்மாவே இறக்கிக் கொடுத்துட்டு வரணும்னு முதலாளி உத்தரவு. இதோட பதினோரு ஊர் ஆச்சு, எல்லா ஊர்லயும் சோத்தைப் போட்டுப் போட்டு அனுப்புறாங்களே ஒழிய, ஒரு பெட்டி இறங்கல."