ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ

உடம்பைக் குறைப்பது என்று முடிவானபோது மாரிசெல்வம் தொண்ணூற்றாறு கிலோ இருந்தான். அந்த முடிவை எடுத்தது அவன் இல்லை. பக்கத்து போர்ஷன் ஜீவானந்தத்தின் சாவு.

ஜீவானந்தமும் அதே ஒரகடம் கம்பெனி, அதே லைன், ஏறக்குறைய அதே தொப்பை. ஒரு நாள் காலை ஷிப்டுக்கு இருவரும் தெருமுனையில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றார்கள். பஸ் வந்தது. மாரிசெல்வம் ஏறித் திரும்பிப் பார்த்தால் ஜீவானந்தம் கீழே உட்கார்ந்திருந்தான். ஷூ லேஸ் கட்டுகிறான் என்று நினைத்தான். டிரைவரும் அப்படித்தான் நினைத்து ஹாரன் அடித்தார். முப்பத்தெட்டு வயது.

காரியம் முடிந்ததும் அவன் மனைவி கலைமதி, பீரோவையும் பெண் குழந்தையையும் ஒரு மினி வேனில் ஏற்றிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். வேன் போன பிறகும் சுகப்பிரியா வாசலிலேயே நின்றாள். இடுப்பில் ஒன்பது மாத நிலவன். பிறகு உள்ளே வந்து, புருஷனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பார்வை பாதி வழியில், வயிற்றில் நின்றுவிட்டது.

அடுத்த வாரமே கம்பெனி மெடிக்கல். பிரஷர் மேலே. சுகர் இன்னும் உள்ளே வரவில்லை, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறது. மூன்று மாதத்தில் நாலு கிலோவாவது இறங்காவிட்டால் ‘அன்ஃபிட்’ என்று எழுதி லைனை விட்டு நிறுத்தவேண்டி வரும் என்றார் டாக்டர்.

புருஷன் வந்து சொன்னதை சுகப்பிரியா நம்பவில்லை. அவனையும் இழுத்துக்கொண்டு, பிள்ளையோடு டாக்டரின் சொந்த கிளினிக்குக்கே போய்விட்டாள். சாப்பாட்டைக் குறைத்தால் எத்தனை நாளில் மெஷினில் தெரியும் என்று கேட்டாள். உடனே தெரியாதம்மா என்றார் அவர். உப்பு, தண்ணீர், வயிற்றில் கிடப்பது எல்லாம் சேர்ந்து ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். கொழுப்பு கரைந்தது நிச்சயமாகத் தெரிய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். வாரத்துக்கு ஒரு தடவை ஏறிப் பார்த்தால் போதும். மாரிசெல்வம் பெரிதாகத் தலையாட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் நிலவன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யப் போனான். சுகப்பிரியா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“பிள்ளை தலை வேண்டாம். உங்க தலையில வச்சுக்கிடுங்க.”

எடை மெஷின் வந்தது. பல் விளக்கும் முன் ஏறினான், விளக்கியபின் ஏறினான். குளித்துவிட்டு ஏறினான். முடி வெட்டிக்கொண்டு வந்து ஏறினான். நகம் வெட்டியபோதும் ஏறினான். மூன்றாம் நாள் முந்நூறு கிராம் கூடியிருந்தது.

“சுகா, ரெண்டே ரெண்டு சப்பாத்தி, ஒரு கிண்ணம் சுரைக்காய். இதைத் தின்னுட்டு எப்படிட்டி ஏறும்?”

“கேன்டீன்ல ஊறுகாய் தின்னியளா?”

“தொட்டுக்கிட்டேன்.”

“உப்பு தண்ணியைப் பிடிச்சு வைக்கும்னு டாக்டர் சொன்னாருல்லா.”

“தொட்டதுக்கு முந்நூறு கிராமா? பாட்டிலோட முழுங்கினாக்கூட அவ்வளவு வராது.”

“மூணு வாரம் பொறுங்க. அதுவரைக்கும் அந்த மெஷினாவது உசுரோட இருக்கட்டும்.”

மூன்று வாரம் பொறுக்கும் ஜாதி இல்லை அவன். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு உண்மையைக் கண்டுபிடித்துவிட்டான். தின்னாமல் இருந்தும் எடை குறையவில்லை. ஆகவே தின்பதற்கும் எடைக்கும் சம்பந்தமில்லை. ஆகவே தின்றாலும் ஏறாது.

பஸ் அவனை இறக்கிவிடுவது தெருமுனையில், பாண்டுரங்கனின் பரோட்டாக் கல்லுக்கு நேர் எதிரே. அன்று பாண்டுரங்கன் அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

“இன்னா தலைவரே, எளச்சிக்கினே போற? வூட்ல சோறு போடலியா?”

ஐந்து நாளாக மெஷின் சொல்லாததை ஒரு மனுஷன் சொன்னான். மாரிசெல்வத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு செட்டு சொன்னான். சால்னா ஊற்ற ஊற்ற இன்னொரு செட்டும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை எடை பார்க்கவேண்டும். மெஷினில் ஏறி நின்றால் எண் அவனுக்குத் தெரியாது, வயிறு மறைக்கும். சுகப்பிரியாதான் குனிந்து படிப்பாள். அவள் குனிந்திருக்கும் நேரத்தில் அவன் முதுகுக்குப் பின்னால் ஜன்னல். கம்பியைப் பிடித்து லேசாகத் தொங்கினான்.

“தொண்ணூத்தஞ்சரை” என்றாள் அவள்.

“பாத்தியா.”

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அரைக் கிலோ. அவள் படிக்கப் படிக்க இவன் பிடியை இறுக்கவோ தளர்த்தவோ செய்வான். சரியான எண் வந்ததும் மூச்சை விடுவான். சுகப்பிரியா மெஷினைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவாள். தானாக ஏறிப் பார்ப்பதை அவன் நிறுத்திவிட்டான். பொய் என்று தெரிந்தபின் எதற்குப் பார்ப்பது?

நைட் ஷிப்ட் முடிந்து வந்து பகலில் படுத்திருந்தான் ஒரு நாள். அரைத்தூக்கம். காலடிச் சத்தம் கேட்டது. மூக்குக்குக் கீழே ஏதோ வந்து நின்றது. சுகப்பிரியாவின் விரல். மூச்சு விட்டான். விரல் போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது. அன்று முழுக்க அவள் அப்படி வந்து வந்து போனாள், அடுப்பில் பால் வைத்தவள் எட்டி எட்டிப் பார்ப்பதுபோல. கண்ணை மூடியபடியே, இனி பரோட்டாவைத் தொடுவதில்லை என்று மாரிசெல்வம் முடிவு செய்தான். அந்த முடிவு பாண்டுரங்கனின் கல் சூடாகும்வரை இருந்தது.

மறு வாரம் டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் நம்பிராஜன் கூப்பிட்டு, உங்கள் தெருமுனைக்கு இனி பஸ் வராது என்றார். இரண்டு பேர் ஏறிய இடத்தில் இப்போது ஒருவர்தான். ஒருவருக்காக அவ்வளவு தூரம் உள்ளே வர முடியாது, ஹைவே ஜங்ஷனுக்கு வந்துவிடுங்கள். சொல்லும்போது அவர் இவன் முகத்தைப் பார்க்கவில்லை. செத்தவன் பேச்சு வருவதால் சங்கடம் என்று மாரிசெல்வம் நினைத்தான்.

ஜங்ஷனுக்கு ஏரிக்கரை வழியாக அரை மணி நடை. போகும்போது அரை மணி, வரும்போது அரை மணி. வீட்டுக்குப் பின்பக்கமாக வந்து சேரும் வழி அது, பாண்டுரங்கன் கடை இருக்கும் திசையே இல்லை. நடந்து வந்த காலோடு திரும்ப அங்கே போகத் தெம்பும் இல்லை. கம்பெனியை அவன் திட்டாத திட்டு இல்லை. ஒரு உசுரு போன வீட்டுத் தெருவுக்குக் காட்டுற மரியாதையா இது என்று கேட்டான். சுகப்பிரியா உச்சுக் கொட்டினாள். பாவம் அவங்களும் என்ன செய்வாங்க என்று சொல்லி, இரண்டு ஜோடி புது சாக்ஸ் வாங்கி வைத்தாள்.

வாரங்கள் போயின. பேண்ட் நழுவியது. யூனிபார்ம் துணி மட்டம் என்று காண்டிராக்டரைத் திட்டினான். ஞாயிற்றுக்கிழமைகளில் முன்போல் ஜன்னலில் தொங்கவேண்டியிருக்கவில்லை, இரண்டு விரல் போதுமாக இருந்தது. பிறகு ஒரு விரல். கை பழகிவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டான்.

மெடிக்கல் நாள் வந்தது. அந்த ரூமில் ஜன்னலே இல்லை. தூக்குமேடை ஏறுவதுபோல் மெஷினில் ஏறினான். தொண்ணூற்றொன்று என்றார் நர்ஸ். இறங்கி மறுபடி ஏறினான். தன் கைகளைப் பார்த்தான். இரண்டும் சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தன. பிரஷரும் இறங்கியிருந்தது. எப்படிச் செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். மனக் கட்டுப்பாடு சார் என்றான் மாரிசெல்வம்.

இரண்டு நாள் அந்த மனக் கட்டுப்பாட்டைப் பற்றியே லைன் முழுக்கப் பேசினான். மூன்றாம் நாள் ஜங்ஷனில் பஸ் ஏறினால், ஜன்னலோர சீட்டில் ஏசுவடியான் உட்கார்ந்திருந்தான். ஜீவானந்தத்தின் போர்ஷனுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பையன், அதே கம்பெனி.

“நீ எங்கடே ஏறுன?”

“நம்ம தெருமுனையிலதாண்ணே. நீங்க ஏன் இம்புட்டுத் தூரம் நடந்து வாறிய?”

ஷிப்ட் முடிந்ததும் நேரே நம்பிராஜனிடம் போய் நின்றான். அவர் கொஞ்சநேரம் பேனாவை உருட்டினார். பிறகு சொல்லிவிட்டார்.

“ஸ்டாப்பை நாங்க எடுக்கல தம்பி. உங்க வீட்டம்மா போன் பண்ணாங்க. அந்த ஸ்டாப்புல ஏறுன ரெண்டு பேர்ல ஒருத்தர் போயாச்சு, மத்தவரையாவது நடக்க விடுங்கன்னு அழுதாங்க. நான் என்னத்தச் சொல்ல?”

அன்று ஏரிக்கரை முழுக்க, கேட்கவேண்டிய கேள்விகளை அடுக்கிக்கொண்டே நடந்தான். வீட்டில் சுகப்பிரியா நிலவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அடுக்கியதெல்லாம் சரிந்து ஒன்றுதான் மிஞ்சியது.

“நம்பிராஜன் சொல்லிட்டாரு. உனக்கு எப்படிட்டி தெரியும்?”

“தெரிய மூணு வாரம் ஆகும்னு டாக்டர் சொன்னாரு. உங்களுக்கு முத ஞாயித்துக்கிழமையே இறங்குச்சு. அதுக்கப்புறம் வாரம் தவறாம அரைக் கிலோ. உடம்பு என்ன, கம்பெனி டார்கெட்டா?”

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். பிள்ளை கஞ்சி வாயோடு அவனைப் பார்த்துச் சிரித்தது.

“சரி, அதான் ஃபிட்டுன்னு எழுதிட்டாங்கல்லா. இனி பழையபடி தெருமுனையிலயே ஏத்தச் சொல்லி அவருக்கு ஒரு போன் போடு.”

சுகப்பிரியா பிள்ளையின் வாயை முந்தானையால் துடைத்தாள்.

“போடுதேன். இவனுக்குக் கல்யாணம் முடியட்டும்.”