பல் ஆஸ்பத்திரியில் நான் குலுக்கிய சீட்டு

காத்திருக்கிற இடத்தில் மனுஷனால் ரெண்டில் ஒன்றுதான் செய்ய முடியும். ஒன்று தூங்கணும், இல்லையென்றால் ஊர் விவகாரத்தில் தலையிடணும். எனக்கு உட்கார்ந்தபடி தூக்கம் வராது. இவ்வளவும் நடந்ததற்கு அதுதான் காரணம்.

எதையும் தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மடியில் ஒரு பை இருந்தால், அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிகிறவரை எனக்கு இருப்புக் கொள்ளாது. பழவேற்காட்டுப் பக்கம் எங்கள் குப்பத்தில் எனக்கு 'விசாரணை செல்வி' என்று பேர். (முகத்துக்கு நேராக யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதையும் விசாரித்தேன்.)

என் மகள் யமுனாவுக்கு மேல் வரிசையில் ரெண்டு பல் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். பக்கத்தில் ஒன்று இடம் போதாமல் மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். தெத்துப்பல் அதிர்ஷ்டம் என்று சொந்தக்காரர்கள் எல்லாம் சொன்னார்கள். "அப்டின்னா நீங்களே வச்சிக்கோங்க" என்பாள் அவள். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். ரெண்டு கையிலும் சாமான் இருந்தால் சிரிக்கவே மாட்டாள். இதை நான் ரொம்ப நாள் கவனித்து உறுதி செய்திருக்கிறேன்.

பத்தாவது முடித்ததும் அவளைப் பொன்னேரியில் பிளஸ் ஒன் சேர்ப்பதாக இருந்தோம். பத்தாவது ஆரம்பத்திலேயே அதற்கு அவள் ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள்.

"ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள கம்பி போட்டுடணும்மா. கம்பியோட போனா 'கம்பி போட்ட பொண்ணு'ம்பாங்க, அவ்ளோதான். இப்டியே போனா இங்க கூப்ட்ட பேரு அங்கயும் வந்துடும்."

"இன்னா பேரு?" என்று கேட்டேன். சொல்லவில்லை. (நான் இதுவரை விசாரித்துக் கண்டுபிடிக்காத ஒரே விஷயம் அந்தப் பேர்தான். கண்டுபிடிக்கிற தைரியம் வரவில்லை.)

சென்னையில் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளே வைத்தியம் பார்க்கிற ஒரு பெரிய பல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். (எதுவென்று சொல்ல மாட்டேன். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.) போன அன்றைக்கே கம்பி போட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனவள் நான். பேரை எழுதிக்கொண்டு, பிறகு கூப்பிடுகிறோம் என்றார்கள். மாசக்கணக்கில் ஆயிற்று. பிறகு எக்ஸ்ரே. பிறகு வாயில் மாவு மாதிரி எதையோ அப்பி அச்சு எடுத்தார்கள். பிறகு ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் காத்திருப்பு. குப்பத்திலிருந்து பஸ் பிடித்து, பொன்னேரியில் ரயில் ஏறி, போய்ச் சேர்ந்தால் அங்கே மர பெஞ்சு.

எனக்கு அலுக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். எலும்புக்குள் நட்டுவைத்த பல் எப்படி நகரும் என்று யமுனாவுக்கு வைத்தியம் பார்த்த சின்ன டாக்டரம்மாவைக் கேட்டேன். கம்பி மெதுவாகத் தள்ளத் தள்ள, பல்லுக்கு ஒரு பக்கம் எலும்பு கரையும், மறுபக்கம் புதுசாக வளரும் என்றார். நான் அசந்துபோனேன். எங்கள் ஏரி கடலில் சேர்கிற முகத்துவாரத்திலும் அதேதான், தண்ணீர் ஒரு பக்கம் மண்ணை அரித்து இன்னொரு பக்கம் மேடு போடும். அந்த வாரம் முழுக்க மீன் வாங்க வந்தவர்களிடம் எல்லாம் எலும்பைப் பற்றியே பேசினேன். ரெண்டு பேர் மீனை மறந்துவிட்டுப் போனார்கள்.

ஒன்றே ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. யாரை எப்போது கூப்பிடுகிறார்கள்? முதலில் வந்தவர் உட்கார்ந்தே இருப்பார், ஆடி அசைந்து கடைசியில் வந்தவர் உள்ளே போவார். வயசுப்படியா என்று பார்த்தேன், இல்லை. பல் கோணல்படியா என்று எல்லாப் பிள்ளைகளையும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன், அதுவும் இல்லை. வாசலில் நின்று பேர் கூப்பிடுகிற அக்காவைக் கேட்டேன். "உள்ள சொல்றாங்க, நான் கத்தறேன். என்னை இன்னாத்துக்கு கேக்கற?" என்றார். டாக்டரம்மாவை மட்டும் கேட்கவில்லை. டாக்டரிடம் பல்லைப் பற்றித்தானே கேட்கணும் என்று ஒரு மரியாதை.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடம் கொஞ்சம்தான். எல்லாரும் அங்கேயே வலை கட்டினால் மண்டை உடையும். அதனால் சீட்டுக் குலுக்கி, இந்த இடம் இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பேர். சீட்டு எப்படி விழுந்தாலும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முறை இல்லாத நாளில் இறால் துள்ளிக்கொண்டிருந்தாலும் கரையில்தான் நிற்கணும். குலுக்குவது ஆம்பிளைகள் மட்டும். சின்ன வயசிலிருந்து நான் தூர நின்று எட்டி எட்டிப் பார்த்த ஒரு விஷயம் அது. கையை விட்டுச் சீட்டு எடுத்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

கம்பி போடுகிற நாள் மே மாசக் கடைசியில் வந்தது. யமுனா தலைக்குக் குளித்து, பொட்டு வைத்து, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி கிளம்பினாள். ரயிலில் நாலு தடவை பல் தேய்த்தாயா என்று கேட்டேன், நாலு தடவையும் பொறுமையாக ஆமாம் என்றாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

அன்றைக்கு ஹால் நிரம்பி வழிந்தது. வழக்கமான அக்கா லீவு, புதுசாக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் வந்த ரெண்டு பேரை முதலில் உள்ளே விட்டுவிட்டாள். திருத்தணியிலிருந்து பையனோடு வந்திருந்த ஒருவர் எழுந்துவிட்டார். "நான் இன்னா, பெஞ்சு தேய்க்கவா வந்தேன்?" என்று ஒரே சத்தம். இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். அடிதடி ஆகிவிடும் போலிருந்தது.

நான் எழுந்தேன். (யமுனா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். அதை நான் உற்சாகப்படுத்துகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.)

"இந்தா பாருங்க, எங்க ஊர்ல ஆயிரம் சண்டையை ஒரு சீட்டு தீர்க்கும்" என்று ஆரம்பித்துப் பாடு முறையின் பெருமையை எல்லாம் எடுத்துவிட்டேன். பெஞ்சில் மாசக்கணக்காக உட்கார்ந்தவர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள். பழைய பேப்பரைக் கிழித்து எல்லாப் பிள்ளைகள் பேரையும் எழுதினேன். குலுக்கப் பாத்திரம் இல்லை. எங்கள் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியைத் திறந்து, நெத்திலி வறுவலை மூடியில் கொட்டிவிட்டு, அதில் சீட்டைப் போட்டுக் குலுக்கினேன். கையை உள்ளே விட்டேன். அடடா, அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது. எண்ணெயும் மீன் வாசனையுமாக முதல் சீட்டு வந்தது. திருத்தணிப் பையன்.

கடைசிச் சீட்டு யமுனா.

அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். ஆனால் ஹால் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. "பாத்தீங்களா? குலுக்கினவ பொண்ணே கடைசி. இதான் எங்க ஊர் நியாயம்" என்றேன். ரெண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். எனக்கு ஓர் அடி உயரம் கூடிவிட்டது.

சீட்டு வாசனை கையில் இருக்கும்போதே வாசலில் இருந்த பெண் கூப்பிட்டாள். "யமுனா!"

"அது கடைசிம்மா" என்றேன் பெருந்தன்மையாக. "மொதல்ல இந்தப் பையன்." திருத்தணிப் பையன் உள்ளே போனான். போன வேகத்தில் திரும்பினான். "நான் இல்லியாம்."

"யமுனா!" என்று மறுபடியும் குரல். யமுனா எழுந்தாள். நானும் கொஞ்சம் அசைந்தேன் என்றுதான் வைத்துக்கொள்ளுங்கள். உடனே பையனின் அப்பா, "இன்னாம்மா, நீயே சீட்டு போட்டுட்டு நீயே போறியா?" என்றார். ஹாலே திரும்பிப் பார்த்தது. பாடு என்றால் பாடுதான். "உக்காருடி" என்றேன். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது யமுனா என்னைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் யார் பேரைக் கூப்பிட்டாலும், முதல் சீட்டு என்று அந்தப் பையன்தான் உள்ளே போனான், உடனே வெளியே வந்தான். பாவம், ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்தே களைத்துவிட்டான். கூப்பிட்ட பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவள் டீ குடிக்கப் போய்விட்டாள். வெயில் ஏறியதே தவிர ஒரு பிள்ளையும் உள்ளே போனபாடில்லை.

கடைசியில் தலை நரைத்த பெரிய டாக்டர் ஒருவர் வெளியே வந்து, "ஏன் இவ்வளவு நேரமா ஒரு சேர்லயும் வேலை ஓடலை?" என்று கேட்டார். அத்தனை விரலும் என் பக்கம் நீண்டது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று பார்த்தால், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். என்னைப் போலவே ஒரு ஆள். பாடு என்றால் என்ன, வருஷத்துக்கு எத்தனை தடவை குலுக்குவார்கள், முறையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கலாமா என்று கேள்வி மேல் கேள்வி. நானும் விடாமல் பதில் சொன்னேன். யமுனா நடுவில் "அம்மா" என்றாள். "இருடி, பெரியவங்க பேசிக்கினு கீறோம்ல" என்றேன்.

எல்லாம் கேட்டு முடித்துவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார். "நல்ல ஏற்பாடும்மா. ஆனா இங்க பொது வரிசையே கிடையாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு டாக்டர். அவங்கவங்க டாக்டர் ரெடியானா கூப்பிடுவாங்க. இந்தப் பையனோட டாக்டர் மத்தியானம்தான் வருவார்."

மாசக்கணக்காக நான் துப்புத் துலக்கிய ரகசியம் இவ்வளவுதான்.

யமுனாவின் டாக்டரம்மா பின்னாலேயே வந்தார். கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நான் இன்னிக்கு யமுனாவுக்காக மட்டும்தாங்க வந்தேன். எல்லாம் எடுத்துவச்சிட்டு கூப்ட்டுக்கிட்டே இருந்தேனே" என்றார். இனி நேரம் போதாது, மத்தியானத்திலிருந்து அவருக்குப் பரீட்சை வேலை, பிறகு லீவு. அடுத்த தேதி ஸ்கூல் திறந்து ஒரு மாசத்துக்கு மேல் கழித்துத்தான் இருந்தது. கெஞ்சினேன். பெரிய டாக்டரிடம் ஓடினேன். மற்ற டாக்டர்கள் எல்லாருக்கும் காலை வேலையே பாக்கி நின்றது. நிறுத்திவைத்தவள் நான்தானே, எந்த வாயால் கேட்பது.

ரயிலில் யமுனா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். திட்டியிருந்தால் தேவலை. நெத்திலி வேணுமா என்றேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஒரு வருஷம் ஒரு பேருக்குப் பயந்து காத்திருந்த பிள்ளையை, கைதட்டலுக்கு ஆசைப்பட்டு உட்கார வைத்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அழுகையை அடக்கிக்கொண்டு பொன்னேரியில் இறங்கினேன்.

வீட்டில் என் வீட்டுக்காரர் வலை தைத்துக்கொண்டிருந்தார். நான் ஒன்று விடாமல் சொன்னேன். யமுனா குழாயடிக்குப் போய்க் குடத்தை ரெண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அவர் ஊசியைக் கீழே வைத்தார்.

"இரு, இரு. பேர் சொல்லியா கூப்ட்டாங்க?"

"ஆமாங்க."

"இவ பேரையே?"

"மூணு வாட்டி, நைனா" என்றாள் யமுனா. காலையிலிருந்து அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நானும் இந்த ஏரியில எத்தினியோ வருஷமா வலை போடறேன். ஒரு மீனாச்சும் கரைக்கு வந்து, 'யோவ், என்னைப் புடிச்சிக்கோ'ன்னு பேர் சொல்லிக் கூப்ட்டதில்ல. உன்னைக் கூப்ட்டுக்கீது. அதுவும் மூணு வாட்டி. அதுகிட்ட போய், 'இன்னிக்கு எனக்கு முறை இல்ல, நீ அப்பறமா வா'ன்னு சொல்லிட்டு வந்துக்கீற."

யமுனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கை ரெண்டும் குடத்தில். குடத்தை விட்டால் உடையும், வாயை மூடினால் மூச்சு முட்டும். அப்படியே நின்று சிரித்தாள், தண்ணீர் தளும்பிப் பாவாடை எல்லாம் நனைந்தது. துருத்திய ரெண்டும், ஏறி உட்கார்ந்த ஒன்றும் பளிச்சென்று தெரிந்தன. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் என் பிள்ளையின் சிரிப்பை நான் முழுசாகப் பார்த்தேன். அவ்வளவு அழகாக இருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

கம்பி இல்லாமலேதான் பொன்னேரிக்குப் போனாள். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயந்திரம் பஸ் நிற்கிற இடத்துக்கே போய் நின்றேன்.

"இன்னாடி, எதுனா பேர் வச்சாங்களா?"

"வச்சிட்டாங்க" என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "இன்னா பேரு?"

"கடைசிச் சீட்டு." வகுப்பில் ஒவ்வொருத்தரும் எழுந்து தன்னைப் பற்றி ஏதாவது சொல்லணுமாம். இவள் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். டீச்சர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். பழைய பேர் பழவேற்காட்டு பஸ்ஸிலேயே தங்கிவிட்டது.

அப்புறம் கம்பி போட்டு, மாசாமாசம் முறுக்கி, இப்போது கழற்றியும் ஆயிற்று. யமுனா காலேஜ் போகிறாள். பல் எல்லாம் நூல் பிடித்த மாதிரி நிற்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போன ஒவ்வொரு தடவையும் அந்த டாக்டரம்மா தானே வாசலுக்கு வந்து, "யமுனா அம்மா, சீட்டு விழுந்துடுச்சு, வாங்க" என்பார். பிள்ளைக்கு முன்னால் நான் எழுந்து ஓடுவேன்.

எங்கள் குப்பத்தில் இப்போது என்னை விசாரணை செல்வி என்று யாரும் சொல்வதில்லை. என் வீட்டுக்காரர் சொன்ன பேச்சு ஊர் முழுக்கப் பரவி, அந்தப் பேரை அடித்துவிட்டது. போன மாசம் ஒரு கல்யாணத்தில் யாரோ, "செல்வி, பந்தி போட்டாச்சு, வா" என்றார்கள். நான் எழுந்திருப்பதற்குள் பந்தியின் அந்தக் கோடியிலிருந்து யமுனா கத்தினாள். "மீனே கூப்டுதும்மா, போ."