ஸ்டே வேற, லிவ் வேற

ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்காக மலேசியாவின் ஈப்போ ஊர் முழுவதையும் பகைத்துக்கொள்ளத் தயாராக இருந்த ஆள் எங்கள் அர்த்தம் அண்ணன்தான். எழுபதுகளில், கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்து ஊராருக்கு மனு அடித்துக் கொடுப்பார். பக்கத்துத் துணிக்கடையில் எனக்கு வேலை. எந்த வார்த்தைக்கும் அர்த்தம் பார்க்காமல் விடமாட்டார், அதனால் அந்தப் பெயர்; சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

ஒருநாள் பக்கத்து ஊரான லகாட்டிலிருந்து ஓர் அக்கா வந்தார்.

"'ஐ ஸ்டே இன் லகாட்'னு அடிங்கண்ணே."

"ஸ்டேன்னா நாலு நாள் தங்குறது. நீ என்னா ஹோட்டல்லயா இருக்கே?"

"பொறந்ததுலேருந்து அங்கதாண்ணே இருக்கேன்."

"அப்ப லிவ். கோர்ட்டுக்குன்னா ரிசைட். சாமிக்குன்னா ட்வெல்."

"ஐயோ, பஸ்ஸு போயிரும் லா! எதையாச்சும் அடிங்க!"

எதையாச்சும் என்றால் போச்சு. பேப்பரை உருவிக் கசக்கிவிட்டார். பஸ்ஸும் போய்விட்டது. இந்த நாட்டில் எல்லாரும் ஸ்டே என்றுதான் சொல்வோம், மனுஷன் கேட்டால்தானே!

இப்படி ஊருக்கே மனு அடித்தவர் கையில் இருந்தது சிவப்பு ஐசி, அதாவது சிவப்பு அடையாள அட்டை. பிறந்தது ரப்பர் தோட்டத்தில், பிறப்புப் பத்திரம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. சிவப்பு என்றால் நாட்டில் இருக்கலாம், குடியுரிமை கிடையாது. குடிமக்களுக்கான நீல ஐசி கேட்டுத் தனக்கே ஒரு மனு அடித்தார். எட்டு முறை கிழித்துப்போட்டு, ஒன்பதாவதை அனுப்பினார்.

இன்டர்வியூவுக்குத் துணையாக நான் போனேன்.

"அண்ணே, ஆபீசர் ஸ்டேன்னு கேட்டா திருத்திறாதீங்க. கும்புட்டுக் கேட்டுக்கிறேன்."

"தப்பாக் கேட்டா எப்புடி தம்பி சும்மா இருக்கிறது?"

ஆபீசரோ மலாயில் கேட்டார். "சினி சுடா பெராப்பா லாமா திங்கால்?" இங்கே எவ்வளவு காலமாகத் திங்கால்? மலாயில் தங்குவதும் திங்கால், வாழ்வதும் திங்கால். அண்ணன் திருத்தப் பார்த்தார். பிரித்துக்காட்ட ஒன்றும் அகப்படவில்லை.

"சினி சஜா, துவான். லாயின் தெம்பாட் தாடா" என்றார் மெதுவாக. இங்கே மட்டும்தான் ஐயா, எனக்கு வேறு இடம் இல்லை. சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆபீசர் ஏதோ எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சரியாச் சொன்னனா தம்பி?" என்றார். அந்த மனுஷன் போய் என்னிடம் கேட்கிறார்!

பல மாதம் காத்திருந்தோம். ஒரு தீபாவளி வியாபார நெரிசலில் அண்ணன் வந்து என்னைக் கடைக்கு வெளியே இழுத்து, உள்ளங்கையில் நீல ஐசியை வைத்தார்.

"தம்பி, நான் இந்த ஊர்க்காரன் லா."

உள்ளே முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தார். நான் அண்ணனைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றேன்.