வால்வு அண்ணனுக்கு ஆறு வாரம்

மதுரையைச் சுற்றி வால்வு அண்ணன் இறங்காத கிணறு கிடையாது. அவரோடு சண்டை போடாத தோட்டக்காரச் சம்சாரியும் கிடையாது. பெரும்பாலும் இரண்டும் ஒரே நாளில் நடக்கும்.

எழுபதுகளின் கடைசியில் அவனியாபுரத்தில் நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். பக்கத்துப் பட்டறை அவருடையது. பம்புசெட்டில் எந்தக் கோளாறையும் பார்ப்பார் என்றாலும், கிணற்றுக் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு மேல்தான் அவருக்கு உயிர். தண்ணீரை மேலே விட்டு, கீழே இறங்க விடாமல் பிடித்துக்கொள்ளும் அந்தச் சின்ன மூடிதான் உலகத்தையே நடத்துகிறது என்று நம்பினார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

சண்டை எதற்கென்றால், ரிப்பேர் முடிந்த பிறகும் மனிதர் கிளம்ப மாட்டார். தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டும். சம்சாரி மெதுவாக, "போதும்ணே, நிப்பாட்டிருவமா?" என்பார்.

"கைய வைக்காத. மூணு மணி நேரம் ஓடட்டும். உள்ள கிடக்கிற கசடு பூரா வெளியேறணும்ல" என்று சுவிட்சுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒருமுறை மேலூர்ப் பக்கம் இப்படி உட்கார்ந்திருந்தபோது பாதியில் கரண்ட் போய்விட்டது. திரும்பி வந்ததும் மறுபடி முதலிலிருந்து மூன்று மணி நேரம். அந்த வீட்டுக்கார அம்மா அவருக்கு இரண்டு வேளை சோறு போட வேண்டியதாயிற்று.

தொழிலில் இவ்வளவு சுத்தம் பார்த்தவர், சொந்த வாயை மட்டும் கண்டுகொள்ளவே இல்லை. ஈறு எப்போதும் வீங்கியே இருக்கும். பல் வலித்தால் பட்டறைக் குறட்டை மண்ணெண்ணெயில் முக்கி, கண்ணாடி முன் நின்று தானே பிடுங்கிவிடுவார். பல் டாக்டரிடம் போகச் சொன்னால், "என் வாய்க்குள்ள இன்னொருத்தன் எதுக்குக் கை விடணும்?" என்பார்.

ஒரு வருஷம் பொங்கல் கழிந்த கையோடு கடைவாய்ப் பல் ஒன்றை இப்படிப் பிடுங்கினார். பதினைந்து நாளில் காய்ச்சல் வந்தது. சாயங்காலமானால் குளிர் நடுக்கம், விடிந்தால் கிணறு. மருந்துக் கடையில் கேட்டு நாலு கேப்சூல் விழுங்குவார். காய்ச்சல் இரண்டு நாள் ஒதுங்கி நின்றுவிட்டுத் திரும்ப வரும். ஒன்றரை மாதம் இந்தக் கூத்து நடந்ததில் ஆள் பாதியாகிவிட்டார். எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு நாள் இரண்டு கடைகளையும் நானே பூட்டி, அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டரம்மா அவர் நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். நகங்களைப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா?"

"வந்துச்சே. பத்து வயசுல. ரெண்டு முழங்காலும் பூசணிக்கா கணக்கா வீங்கிருச்சு. மூலிகைப் பத்துப் போட்டே சரியாப் போச்சு."

"மூட்டு சரியாப் போச்சு. ஆனா அப்பவே உங்க இதயத்துல ஒரு வால்வு கெட்டுப்போய் ஒழுக ஆரம்பிச்சிருக்கு."

"எனக்கா? வால்வா?" என்றார் அண்ணன். அப்படி ஓர் அவமானத்தை அவர் முகத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ரத்தப் பரிசோதனையில் கிருமி இருந்தது. பல் பிடுங்கிய புண் வழியாக ரத்தத்தில் கலந்த வாய்க் கிருமி, நல்ல வால்வாக இருந்திருந்தால் பெரும்பாலும் ஒட்டாமல் போயிருக்கும், தழும்பேறிய வால்வில் ஒட்டிக்கொண்டு பெருகிவிட்டது என்று டாக்டரம்மா விளக்கினார். "வாசர் தேஞ்ச வால்வுலதேன் பாசி உக்காரும். சரியாத்தேன் சொல்றாக" என்று அண்ணன் அவருக்குச் சான்றிதழ் கொடுத்தார். இதயத்தில் மொத்தம் நாலு வால்வு என்று கேள்விப்பட்டதும், "ஒரு ஆளுக்கு நாலு அதிகந்தேன்" என்றார்.

நரம்பில் பெனிசிலின் ஊசி, நாலு மணி நேரத்துக்கு ஒன்று, ஆறு வாரம். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாதியில விட்டா வால்வு கிழியும். இல்லேன்னா அதுல ஒட்டியிருக்கிறது பிஞ்சு மூளைக்குப் போயிரும். அப்புறம் ஆள் பிழைக்க மாட்டார்."

ஐந்தாம் நாள் காய்ச்சலைக் காணோம். ஆறாம் நாள் ஆளையே காணோம்.

நான் எங்கே தேடுவேன் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். அவனியாபுரத்துத் தோட்டக் கிணறு ஒன்றில், கையில் ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரியோடு, இடுப்பளவு தண்ணீரில் நின்று வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"காய்ச்சலே இல்ல மாப்ள. ஆளு நல்லா ஓடுறேன்ல?"

அவரிடம் அதுவரை நான் குரல் உயர்த்திப் பேசியதில்லை. அன்றைக்குக் கிணற்று மேட்டில் நின்று கத்தினேன்.

"அஞ்சு நிமிசம் தண்ணி கொட்டுச்சுன்னு ஒரு சம்சாரி சுவிட்ச நிப்பாட்டினா விடுவீகளாண்ணே? உள்ள இன்னும் கசடு கிடக்குன்னு டாக்டரம்மா சொல்றாக. பாதியில விட்டா செத்துப்போவீக."

கடைசி வார்த்தையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற தோட்டக்காரர் தென்னை மரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அண்ணன் ஸ்பேனரைப் படியில் வைத்தார்.

"அந்தம்மா மறுபடி மொதல்ல இருந்து எண்ணுமோ?"

"எண்ணட்டும்" என்றேன்.

டாக்டரம்மா எண்ணினார். முழுசாக ஆறு வாரம். ஊசி பத்து நிமிஷம் தாமதமானால் நர்ஸைத் தேடி இவரே நடந்து போவார். காய்ச்சல் விட்டதும் துணியை மூட்டை கட்டிய பக்கத்துப் படுக்கைக்காரரை, "யாரக் கேட்டுய்யா கிளம்புற?" என்று மிரட்டி உட்கார வைத்தார். வார்டில் ஒழுகிய குழாய்கள் எல்லாம் ஒழுகாமல் நின்றன. அவருடைய சொந்த வால்வு மட்டும் கொஞ்சம் ஒழுகிக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தது. கனமாக எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். கிணற்றில் இறங்க ஆள் வைத்துக்கொண்டு, மேலே நின்று திட்டினார். பல் டாக்டரிடம் போனால் நாற்காலியில் உட்காரும் முன்பே, "எனக்கு வால்வுல கோளாறு, மொதல்ல கிருமிக்கு மாத்திரையக் குடுங்க" என்பார். மூட்டு வலி என்று எந்தப் பிள்ளை சொன்னாலும், பெற்றவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் வரை அந்த வீட்டு மோட்டாரைத் தொட மாட்டார்.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தார். அந்த நோய்க்கு அதுவே பெரிய விஷயம் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குப் போதவில்லை.